பதினாலுக்குப் பதிமூன்று

அமெரிக்காவில் இருக்கும் என் மருமகன் திங்கட்கிழமை காலையில் தொலைபேசியில் அழைத்தால் அவனுடைய அணி தோற்றுவிட்டது என்று அர்த்தம். வென்ற வாரங்களில் அவனுக்கு மாமனார் ஞாபகம் வருவதில்லை. அங்கே அவர்கள் ஃபுட்போல் என்று சொல்வது நம்முடைய ஃபுட்போல் இல்லை. தலைக்கவசம் போட்டுக்கொண்டு பந்தைக் கையால் எறிகிற ஆட்டம். அதில் குவார்ட்டர்பேக் என்று ஒருவன் உண்டு. பந்து முதலில் அவன் கைக்குத்தான் வரும். அடுத்து என்ன செய்வது என்று அவன்தான் தீர்மானிப்பான். போன மாதம் ஒரு நொக்அவுட் ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் அவன் செய்த மடத்தனத்தைப் பற்றி மருமகன் அரை மணி நேரம் புலம்பினான். அவனுக்கு மூளையே இல்லை என்றான். அந்த நேரத்தில் அவனுக்கு என்ன தெரிந்திருந்தது என்று கேட்டேன். மருமகனுக்குக் கேள்வி விளங்கவில்லை. எனக்குக் கோபம் வந்து போனை வைத்துவிட்டேன். ஏன் அந்தப் பிள்ளையின் மேல் எரிந்து விழுகிறீர்கள் என்று என் மனைவி கேட்டாள். சொல்வதென்றால் நிறையச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஆட்டத்திலும் அப்படி ஒருவன் உண்டு. ரக்பி என்று பத்திரிகைகள் எழுதும், கண்டியில் நாங்கள் ரகர் என்போம். பதினைந்து பேரில் பத்தாம் இலக்கச் சட்டை போட்டவன்தான் எங்கள் குவார்ட்டர்பேக். முன்வரிசை எட்டுப் பேரும் சேற்றில் புரண்டு பந்தைப் பிடுங்கித் தருவார்கள். இவன் தள்ளி நின்று, உதைப்பதா, ஓடுவதா, பக்கத்திலிருப்பவனுக்குக் கொடுப்பதா என்று ஒரு நொடியில் முடிவெடுப்பான். வென்றால் எல்லோரும் வென்றார்கள். தோற்றால் தோற்றது இவன் ஒருவன்தான்.

நாற்பது வருடத்துக்கு மேலாகப் பத்தாம் இலக்கக்காரர்களைப் பார்த்துவருகிறேன். தன் காலைத் தவிர வேறெதையும் நம்பாமல், பந்து வந்தவுடன் கண்ணை மூடிக்கொண்டு உதைப்பவன் ஒரு வகை. எதிரே மதில் இருந்தாலும் முட்டிக்கொண்டு ஓடுபவன் இன்னொரு வகை. பந்தோடு சேர்த்து வருகிற அடியையும் பக்கத்துக்காரனுக்கே கொடுத்துவிடுகிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள். ஆடத் தெரியாதவள் தெரு கோணல் என்றாளாம். புல் நீளம், பந்து ஈரம், ரெஃப்ரிக்குக் கண் இல்லை என்று காரணம் அடுக்குகிறவர்களுக்குக் குறைவே இல்லை. நல்ல பத்து யார் என்று என்னைக் கேட்டால், உதைப்பதற்கு முன் நிமிர்ந்து பார்க்கிறவன் என்பேன். காற்று எந்தப் பக்கம், எதிரணியின் பின்வரிசை எங்கே நிற்கிறது, இன்னும் எத்தனை நிமிடம், புள்ளி எத்தனை. அப்படிப் பார்க்கத் தெரிந்த ஒருவனைத்தான் என் ஆயுளில் கண்டிருக்கிறேன். அவனைக் கெடுத்தவன் நான்.

கட்டுகஸ்தோட்டைப் பக்கத்து இளைஞர்கள் சேர்ந்து வைத்திருந்த இரண்டாம் தர அணி அது. இப்போது இல்லை. நான் பாலத்துக்குக் கிட்ட ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்தேன். அணிக்கு ஸ்கோர் பலகை வேண்டும் என்று வந்து கேட்டார்கள். தகரத்தை வெட்டி, கறுப்புப் பெயின்ட் அடித்து, வெள்ளையில் இலக்கங்களை எழுதிக் கொடுத்தேன். எழுதினவனே தொங்கவிடட்டும் என்று அந்த வேலையையும் என் தலையிலேயே கட்டிவிட்டார்கள். எனக்குக் கசக்குமா? மைதானத்தின் ஒரு முனையில், கோல் கம்பங்களுக்குப் பின்னால் சற்று இடப்பக்கமாக, ஏணியின் மேல் என் ஆசனம். அதைவிட நல்ல இடம் யாருக்கும் கிடையாது.

அந்த வேலைக்கு ஒரே ஒரு சட்டம்தான். யாராவது கோலுக்கு உதைக்கத் தயாராகிவிட்டால் பலகைக்காரன் அசையக்கூடாது. உதைப்பவனின் கண் கம்பத்தில் இருக்கும். பக்கத்தில் ஏதாவது ஆடினால் கவனம் சிதறிவிடும். தகரத்தைக் கையில் வைத்திருந்தால் வைத்திருந்தபடியே நிற்க வேண்டும். நம்மவன் உதைக்கும்போது கூட்டமும் அப்படித்தான், இருமல் வந்தாலும் விழுங்கிக்கொள்ளும்.

சட்டத்தில் இல்லாத ஒரு பழக்கமும் எனக்கு இருந்தது. எதிரணி உதைக்கும்போது நான் பார்க்க மாட்டேன். பார்த்தால் பந்து உள்ளே போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. முதுகைத் திருப்பிக்கொண்டு, பலகையைப் பார்த்தபடி, காதை மட்டும் தீட்டிக்கொண்டு நிற்பேன். கூட்டம் ஆரவாரித்தால் தவறிவிட்டது. பெருமூச்சு வந்தால் போய்விட்டது, புள்ளியை மாற்ற வேண்டும். நான்கு வருடத்தில் ஒருமுறைகூடப் பிசகவில்லை. அதனால் யாரும் குறை சொல்லவுமில்லை.

எங்கள் பத்து, அலவத்துகொடையில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒரு ஹாஜியாரின் மகன். ஹாஜியார் எல்லா ஆட்டத்துக்கும் வருவார். வெள்ளைத் தொப்பியோடு வேலிக்கருகே ஒரே இடத்தில் நிற்பார். கை தட்ட மாட்டார், கத்த மாட்டார். மகன் நல்ல உதை உதைத்தால் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொள்வார், அவ்வளவுதான். அந்த மகனின் மேல் எனக்கிருந்த பைத்தியத்தைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமில்லை. அவன் பந்தைத் தரையில் வைக்க முன்னமே நான் தகரத்தை எடுத்துவிடுவேன்.

இந்தக் கதை நடந்தது ஒரு அரையிறுதியில். அணி அதற்கு முன் இரண்டு தடவை அரையிறுதிவரை வந்து தோற்றிருந்தது; ஒருமுறை ஒரே புள்ளியில், ஒருமுறை சொல்லவே கூசும் வித்தியாசத்தில். மூன்றாவது தடவை ஊரே திரண்டு வந்திருந்தது. மதியத்திலிருந்து தூறல். எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றினால், அதாவது ட்ரை வைத்தால், நாலு புள்ளி கிடைத்த காலம் அது. கடைசிப் பத்து நிமிடத்துக்குள் நுழையும்போது நாங்கள் பதினாலு, அவர்கள் ஒன்பது.

அப்போது அவர்கள் மைதானத்தின் மறுமுனையில், மூலையில் ஒரு ட்ரை வைத்தார்கள். பதிமூன்று. நான் தகரத்தை மாற்றினேன். ட்ரைக்குப் பின் ஒரு உதை உண்டு, போனால் இன்னும் இரண்டு. ஓரக் கோட்டிலிருந்து, ஈரப் பந்து, குறுக்குக் காற்று. யாரும் போகும் என்று நினைக்காத உதை. நான் வழக்கம்போல முதுகைத் திருப்பினேன். உதைத்த சத்தம் கேட்டது. பிறகு பந்து கம்பத்தில் மோதிய 'டங்' என்ற சத்தம். கூட்டம் கூரை பிய்யக் கத்தியது. கூட்டத்துக்கு உற்சாகமூட்ட வந்திருந்த பப்பரே வாத்தியக்காரர்கள் ட்ரம்பெட்டை எடுத்து ஊதத் தொடங்கிவிட்டார்கள். என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. பதிமூன்றை அப்படியே விட்டேன்.

கம்பத்தில் பட்ட பந்து உள்பக்கமாகத் திரும்பிக் குறுக்குக் கம்புக்கு மேலால் விழுந்திருக்கிறது. இரண்டு கொடிகளும் உயர்ந்திருக்கின்றன. கூட்டத்தின் சத்தம் பாதியில் அறுந்திருக்க வேண்டும். ஆனால் வாத்தியம் நிற்கவில்லை. எங்கள் பத்து அந்த உதைக்குக் காத்திருக்காமல் நடுக்கோட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தானாம்; அவன் காதிலும் வாத்தியம்தான் விழுந்தது. நான் திரும்பிப் பார்த்தபோது ஆட்டம் நடுக்கோட்டில் மறுபடி தொடங்கிவிட்டது. தூரத்தில் நின்றவர்களில் பாதிப் பேர் பலகையைப் பார்த்து, பந்து வெளியில்தான் போயிருக்கிறது என்று எண்ணிக்கொண்டார்கள். என்னை நம்பினார்கள்.

எங்கள் ஆட்கள் வெறி பிடித்தவர்களைப்போல முன்னேறினார்கள். கம்பத்துக்கு இருபத்தைந்து யார் தூரம் தள்ளி, கொஞ்சம் இடப்பக்கமாக, எங்களுக்குப் பெனால்டி கிடைத்தது. அதுதான் கடைசி உதை என்று ரெஃப்ரி எங்கள் பத்திடம் விரலைக் காட்டினார்; கோலுக்கு உதைத்துப் போனால் மூன்று புள்ளி, வெளியே உதைத்தால் அத்தோடு ஆட்டம் முடிந்தது. அவன் பந்தைக் கையில் எடுத்தான். கூட்டம் வாயை மூடியது. ஒரு சத்தமில்லை, தூறல் தகரத்தில் விழுகிற சத்தம் மட்டும்.

அந்த நேரம் ஏணியடிக்கு ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். அதிகாரிகள் மேசையில் புள்ளி குறிக்கிற சிங்களவர், மாத்தயா என்று மரியாதையாகக் கூப்பிடுவோம்; கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் கிளார்க், தமிழ் நன்றாகப் பேசுவார். மறுகோடியிலிருந்து சேற்றில் சுற்றி வந்திருந்தார். குடை பாதி மடிந்திருந்தது.

"அது போச்சு," என்றார் தாழ்ந்த குரலில். "பதினஞ்சு. மாத்துங்க."

ஐந்து எழுதிய தகரம் என் காலடியில்தான் இருந்தது. குனிந்து எடுத்துவிட்டேன். மூன்றைக் கழற்றி ஐந்தை மாட்ட எனக்கு நாலு நொடி போதும். ஆனால் எங்கள் பத்து, பந்தோடு கம்பத்தைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். அசையக்கூடாது. அதோடு இன்னொரு கணக்கும் ஓடியது: இருபத்தைந்து யாரில் இவன் தவறவிட மாட்டான், மூன்று புள்ளி வந்தால் பதினேழு, எதிரில் பதிமூன்றானால் என்ன பதினைந்தானால் என்ன, எப்படியும் வெற்றி. உதைத்து முடியட்டும், சந்தடியில் மாற்றிவிடலாம், என் பிழை யாருக்கும் தெரியாது. சட்டம் பாதி, கோழைத்தனம் பாதி. எது கூட என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் ஐந்தைக் கையில் பிடித்தபடி ஏணியில் சிலையாக நின்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். நல்ல பத்து பார்ப்பதைப்போலவே பார்த்தான். காற்றை, எதிரணியை, பிறகு நேராகப் பலகையை. பதினாலுக்குப் பதிமூன்று.

பலகை சொன்ன கணக்குக்கு அதைவிடச் சரியான முடிவு கிடையாது. முன்னிலையில் இருக்கும்போது ஈரப் பந்தைக் கோலுக்கு உதைத்து, தவறினால் எதிரிக்கு இன்னொரு வாய்ப்பை எதற்குக் கொடுக்க வேண்டும்? அவன் திரும்பி, பந்தை ஓரக் கோட்டுக்கு வெளியே, கூட்டத்துக்குள் உயர உதைத்தான். விசில் ஊதியது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வேலிப் பக்கம், தன் வாப்பா நின்ற பக்கம் ஓடினான். ஹாஜியார் தொப்பியைக் கழற்றினார். கூட்டம் வேலியைத் தாண்டிக் குதித்தது.

அப்போதுதான் எதிரணிக்காரர்கள் ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்துத் துள்ளுவதை எல்லோரும் கண்டார்கள்.

அந்தக் குழப்பத்தில் நான் செய்த காரியத்தை மறைக்காமல் எழுத வேண்டும். மூன்றைக் கழற்றினேன், ஐந்தை மாட்டினேன். ரெஃப்ரி தன் அட்டையைக் காட்டி விளக்கி முடித்து, சனம் திரும்பிப் பலகையைப் பார்த்தபோது அதில் பதினாலுக்குப் பதினைந்து என்று ஒழுங்காகத் தொங்கியது.

இரண்டு நாள் கழித்து அணியின் நிர்வாகக் குழு எங்களை அழைத்தது. பலகையில் பதிமூன்று இருந்தது, அதைப் பார்த்துத்தான் வெளியே உதைத்தேன் என்று பத்து சொன்னான். பார்த்த வேறு சிலரும் அப்படித்தான் ஞாபகம் என்றார்கள், ஆனால் கடைசியில் பதினைந்தைத்தானே கண்டோம் என்று இழுத்தார்கள். என்னைக் கேட்டார்கள். ட்ரை வைத்ததும் பதிமூன்று போட்டேன், உதை போனதும் பதினைந்து போட்டேன் என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். மாத்தயா தலையாட்டினார். புள்ளியைச் சரிபார்க்க வேண்டியது அவர் பொறுப்பு. தாமதமாக ஓடிவந்தது அவருக்கும் உறுத்தியிருக்கும். வெளியே வந்து, நடந்தது நடந்துவிட்டது, இனிக் கிளறி என்ன என்று என்னிடம் சொன்னார். பத்து என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த வருடம் அவன் விளையாட வரவில்லை. வாப்பாவின் கடையில் உட்கார்ந்துவிட்டான். ஹாஜியார் பிறகு எந்த மைதானத்துக்கும் வரவில்லை. ஊருக்கு ஒரு புதிய பேச்சு கிடைத்தது: யாராவது எண்ணிக்கை தவறினால் "பதினாலு பதிமூணு" என்பார்கள். கண்டி டவுன் பஸ்ஸில் கொண்டக்டர் ஆள் எண்ணிப் பிசகினாலும் அதுதான், கல்யாண வீட்டில் இலை குறைந்தாலும் அதுதான். அவனுடைய கடைக்கே போய், சாமான் வாங்கும்போது அவன் முகத்துக்கு நேரே விரல் விட்டு எண்ணிச் சிரிக்கிறவர்களும் உண்டு என்று கேள்விப்பட்டேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

நான் என்ன செய்தேன்? அவனுக்காக வாதாடினேன். பாலத்தடித் தேநீர்க் கடையில் யார் அவனைக் குறை சொன்னாலும் பாய்ந்து விழுவேன். அவனைப்போல ஒரு பத்து இனிப் பிறக்க வேண்டும் என்பேன். பலகையில் என்ன இருந்தது என்பதை மட்டும் சொல்ல மாட்டேன். எனக்குப் 'பத்தாம் நம்பர் வக்கீல்' என்று பட்டம் வைத்தார்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என்னுடையது குறுகுறுத்துக்கொண்டே இருபத்திரண்டு வருடம் ஓட்டியது. அலவத்துகொடை வழியாகப் போகிற பஸ்ஸில் அந்தக் கடை வரும் பக்கத்தில் நான் உட்கார்ந்ததில்லை.

பிறகு அந்த மாத்தயா செத்துப்போனார். குண்டசாலையில் அவர் வீட்டுக்குப் போய், வெள்ளைத் துணி போர்த்திய பெட்டிக்கருகே நின்றபோது நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உண்மை தெரிந்த இருவரில் ஒருவர் போய்விட்டார். நாளைக்கு நானும் போனால், அவன் கணக்குத் தெரியாதவனாகவே இருந்துவிடுவான்.

அன்று மாலையே தேநீர்க் கடையில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். முதுகைத் திருப்பியது, கம்பச் சத்தம், கையிலிருந்த ஐந்து, பிறகு சொன்ன பொய், ஒன்று விடாமல். கேட்டவர்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள்.

"வக்கீலு கடைசியில குத்தத்தத் தன் தலையிலேயே போட்டுக்கிட்டாருப்பா," என்றார் ஒருவர். "அவன் மேல அவ்வளவு பாசம்."

சத்தியம் பண்ணினேன். சத்தியத்துக்கும் சிரித்தார்கள். இத்தனை வருடம் அவனுக்காக வாதாடிய வாயில் உண்மை வந்தால் யார் நம்புவார்கள்? சாட்சிக்கு இருந்தவரும் பெட்டிக்குள். நான் தேநீரைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். அந்த இரவு எனக்கு வந்தது கோபமா, அவமானமா தெரியாது. மறுநாள் காலை அலவத்துகொடைக்குப் பஸ் ஏறினேன். இந்த முறை கடை இருக்கிற பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

அவன் கடை வாசலில் ஒருவருக்குத் தேங்காய் கொடுத்துக்கொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது. உரத்த குரலில் எண்ணிப் பைக்குள் போட்டான். பிறகு எல்லாவற்றையும் வெளியே எடுத்து, முதலிலிருந்து இன்னொரு முறை எண்ணிப் போட்டான். வாங்க வந்தவர் அது வழக்கம் என்பதைப்போலக் காத்துக்கொண்டு நின்றார்.

என்னைக் கண்டதும் தெரிந்துகொண்டான். வாங்க அண்ணே என்றான், நேற்றுப் பார்த்தவனைப்போல. ஒரு விஷயம் சொல்ல வந்தேன் தம்பி என்று தொடங்கினேன்.

"பலகையில பதிமூனு ஈந்தது எனக்குத் தெரியும் அண்ணே," என்றான். "நான் கண்ணால பாத்த. எனக்குச் செல்லத் தேவல்ல. வாப்பாட்ட செல்லுங்க."

கடைக்குப் பின்னால் இருந்த அறையில் ஹாஜியார் கதிரையில் உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதே வெள்ளைத் தொப்பி. நான் நின்றபடியே சொன்னேன். தேநீர்க் கடையில் சொன்னதுபோல வேகமாக வரவில்லை. மகன் வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். ஹாஜியாரும் நம்பாவிட்டால் என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டே சொல்லி முடித்தேன்.

"அந்த உதைய எடுத்தீந்தா, பந்து போயீக்குமா?" என்று கேட்டார்.

இருபத்திரண்டு வருடம் வக்கீலாக இருந்தவன் நான். யோசிக்காமல் பதில் சொல்லியிருக்கலாம். யோசித்தேன். ஈரப் பந்து. காற்று இடமிருந்து வலம். இருபத்தைந்து யார். அதே இடத்திலிருந்து பயிற்சி நாட்களில் அவன் உதைத்த உதைகளை ஒவ்வொன்றாக மனத்தில் கொண்டுவந்தேன்.

"போயிருக்கும் ஹாஜியார்."

அவர் தொப்பியைக் கழற்றினார். மடியில் வைத்துக்கொண்டு மகனைப் பார்த்தார்.

"நீ அன்டைக்கே சென்ன," என்றார். "ஏன்ட கையப் புடிச்சிச் சென்ன. நான்தான் நம்பல்ல."

வாசலில் யாரோ கூப்பிட, மகன் முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டு கடைக்குப் போனான். ஹாஜியார் என்னைப் போகச் சொல்லவுமில்லை, இருக்கச் சொல்லவுமில்லை. மன்னிப்பைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. வெளியே மறுபடி தேங்காய் எண்ணுகிற சத்தம் கேட்டது. பன்னிரண்டுவரை வந்து நின்றது. பிறகு ஒன்றிலிருந்து தொடங்கியது.

ஹாஜியார் கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டு, மைதானத்தில் ஒருநாளும் எழுப்பாத குரலை எழுப்பினார்.

"மகன், ஒருக்கா எண்ணினாப் போதும்."

எண்ணுகிற சத்தம் நாலில் நின்றது.